குழந்தைக்கு எண் கற்பித்தல்



வீட்டிற்கு விருந்தினர் வந்தால் சிறு குழந்தையை முன்னே நிறுத்தி, "எங்கே, ஒன்று இரண்டு சொல்லு, கேட்போம்" என்பது நம் வழக்கம். குழந்தையும் கைகளைக் கட்டிக்கொண்டு, ஒன்றிலிருந்து இருபது வரையில் ஒரே மூச்சில் ஒப்புவித்துவிடும். கேட்டவர்கள் கைதட்டுவார்கள், பெற்றோர் பூரித்துப்போவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையின் மகளும் எனக்கு இவ்வாறே ஒப்புவித்தாள். அப்பொழுது அவளுக்கு 4 வயது நிரம்பவில்லை. திண்ணையில் புளியங்கொட்டைகள் குவிந்து கிடந்தன. "கண்ணு, மாமாவுக்கு ஐந்து கொட்டை எடுத்துக் கொடு" என்றேன். அவள் சற்றும் தயங்காமல் இரு கையும் கொள்ளுமட்டும் அள்ளி என் மடியில் போட்டாள். "இவை ஐந்தா?" என்று கேட்டேன். "ஆமாம் மாமா" என்று சிரித்தாள்.

இருபது வரையில் தடங்கலின்றிச் சொல்லும் குழந்தைக்கு ஐந்து கொட்டைகளை எடுத்துத் தர இயலவில்லை. அப்படியானால் அது கற்றதுதான் என்ன? ஒரு பாட்டின் அடிகளை வரிசை பிறழாமல் சொல்வதுபோல, சில சொற்களை வரிசை பிறழாமல் சொல்லக் கற்றிருக்கிறது. அதுவும் வேண்டிய கல்விதான்; அதைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. ஆயினும், எண்ணைக் கற்றுவிட்டது என்று சொல்வதற்கு இன்னும் நெடுந்தொலைவு இருக்கிறது. அந்தத் தொலைவைக் குழந்தை எவ்வாறு கடக்கிறது, மூத்தவர்களாகிய நாம் அதற்கு எவ்வாறு துணைபுரியலாம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். உயர்நிலைப் பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் மாணவ மாணவியருக்கு இது மிகச் சிறிய பொருளாகத் தோன்றலாம். ஆனால் உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ 3 வயது, 4 வயதுக் குழந்தைகள் இருப்பார்கள். அவர்களுக்கு முதல் ஆசிரியர் பல வேளைகளில் அண்ணனோ அக்காளோதான். ஆதலால் இப்பேச்சு உங்களுக்கும் உரியது.

தமிழில் எண்ணுதல் என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. பொருள்களைக் கணக்கிடுவதும் எண்ணுதல். மனத்தால் நினைப்பதும் எண்ணுதல். நினைவின்றிக் கணக்கு இல்லை என்பதை நம் மொழியே குறிப்பாக உணர்த்துவதுபோல் இருக்கிறது. ஐந்து என்று நாம் சொல்லும்போது அதில் மூன்று அமைந்திருக்கின்றன. காதால் கேட்கும் சொல் ஒன்று. விரல்களாகவோ கொட்டைகளாகவோ கண்முன் நிற்கும் அளவு ஒன்று. பலகையில் எழுதும் 5 என்னும் குறி ஒன்று. நீண்ட நாட் பழக்கத்தால் இம்மூன்றும் நமக்கு ஒன்றாகிவிட்டன. குழந்தைக்கோ இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று பொருள்கள். சொல்லைக் கற்பித்த மறுநாளே குறியை எழுதச் சொல்லி, நடுவிலுள்ள அளவை விட்டுவிடுவதுதான் நம்மிற் பலர் செய்யும் பிழை.

அளவைக் கற்பதற்குக் குழந்தை செய்யவேண்டுவது என்ன? ஐந்து புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்து எண்ணும் செயலைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். முதலாவது, ஒரு கொட்டைக்கு ஒரு சொல்தான் சொல்லவேண்டும். ஒன்றைத் தாண்டிப் போகலாகாது, ஒன்றை இருமுறை தொடலாகாது. இரண்டாவது, சொற்கள் எப்பொழுதும் ஒரே வரிசையில் வரவேண்டும். மூன்றாவது, கடைசியாகச் சொன்ன சொல் கடைசிக் கொட்டையின் பெயரன்று. அதுவே எல்லாக் கொட்டைகளின் தொகை. நான்காவது, கொட்டையானாலும் காக்கையானாலும் கைதட்டும் ஓசையானாலும் எண்ணும் முறை ஒன்றே. ஐந்தாவது, இடக்கோடியில் தொடங்கினாலும் வலக்கோடியில் தொடங்கினாலும் விடை மாறாது. அமெரிக்க அறிஞர்களாகிய ரோச்செல் கெல்மன், காலிஸ்டல் ஆகிய இருவரும் 1978-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இந்த ஐந்து நெறிகளையும் வகுத்துக் காட்டினார்கள். நாம் நொடிப்பொழுதில் செய்யும் செயலுக்குள் இத்தனை அறிவு ஒளிந்திருக்கிறது!

இவற்றுள் குழந்தைக்கு அரியது மூன்றாவது நெறி. ஒரு குழந்தை, "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து" என்று சரியாகத் தொட்டு எண்ணி முடிக்கும். உடனே, "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். அது மறுபடியும் ஒன்று, இரண்டு என்று தொடங்கிவிடும். "எத்தனை" என்பது எண்ணிக் காட்டச் சொல்லும் கட்டளை என்று அது கருதுகிறது. விடை தன் வாயிலிருந்து முன்பே வந்துவிட்டது என்பதை அது அறியாது. காரென் வின் என்னும் உளவியல் அறிஞர் தம் ஆராய்ச்சியில், சிறு குழந்தைகளிடம் பொம்மைகளைக் கொடுத்து, "ஒன்று கொடு, இரண்டு கொடு, மூன்று கொடு" என்று கேட்டுப் பார்த்தார். சில குழந்தைகளுக்கு ஒன்று மட்டுமே தெரிந்திருந்தது. அதற்குமேல் எதைக் கேட்டாலும் கை நிறைய அள்ளிக் கொடுத்தன. ஒன்றை அறிந்த குழந்தை இரண்டை அறியச் சில மாதங்கள் ஆயின. மூன்றை அறிய மேலும் சில மாதங்கள். அதன்பின் ஒரு நாள், எண்ணும் முறையின் சூட்சுமம் விளங்கியதும், மற்ற எண்களெல்லாம் வசமாயின. என் மருமகள் இரு கையாலும் அள்ளிப் போட்டது மந்த புத்தியால் அன்று. குழந்தைகள் பலவும் கடந்துவரும் ஒரு படியில் அவள் நின்றிருந்தாள். மாதக் கணக்கில் நடைபெறவேண்டிய வளர்ச்சியை ஒரு வாரத்தில் எதிர்பார்ப்பவர்களுக்கு இச்செய்தி பொறுமையைக் கற்பிக்கும்.

குழந்தையின் எண்ணறிவைப் பற்றிப் பேசுவோர் சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜேயைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. அவர் தம் துணையாளர் ஒருவருடன் சேர்ந்து இப்பொருள் பற்றி எழுதிய நூல் 1941-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரண்டு வரிசைகளில் சமமாகக் காய்களை நேருக்கு நேர் வைத்து, "இரண்டும் சமமா?" என்று கேட்டால், "சமம்" என்று குழந்தை சொல்லும். அதன் கண்ணெதிரே ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்பிவிட்டு மீண்டும் கேட்டால், 4 அல்லது 5 வயதுக் குழந்தை, நீண்ட வரிசையிலேதான் காய்கள் அதிகம் என்று சொல்லிவிடும். நீளம் மாறினும் எண்ணிக்கை மாறாது என்னும் தெளிவு அதற்குப் பின்னரே வருகிறது என்பது பியாஜேயின் முடிவு.

பின்னர் 1974-ஆம் ஆண்டில் மக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் ஆகிய இருவர் இதே சோதனையைச் சிறிது மாற்றிச் செய்தார்கள். காய்களைக் கலைத்தவர் ஆசிரியர் அல்லர். பெட்டியிலிருந்து குதித்து வந்த ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை! இப்பொழுது குழந்தைகளிற் பெரும்பாலோர், "இரண்டும் சமமே" என்று சொன்னார்கள். ஏன் இந்த வேறுபாடு? பெரியவர் ஒருவர் தாமே எதையோ மாற்றிவிட்டு, கேட்ட கேள்வியையே மறுபடியும் கேட்டால், "முன்பு சொன்னது தவறுபோலும்" என்று குழந்தை எண்ணிக்கொள்வது இயல்பு என்று அவர்கள் விளக்கினார்கள். இது நமக்கு நல்லதொரு பாடம். குழந்தை சரியான விடை சொன்ன பிறகும், "நன்றாகப் பார்த்துச் சொல்லு" என்று மிரட்டினால் அது விடையை மாற்றிவிடும். அதை அறியாமை என்று நாம் எழுதிவைத்துவிடுகிறோம். உண்மையில் அது அச்சம்.

இனி, ஒன்று முதல் ஒன்பது வரையுள்ள எண்களை எந்த வரிசையில், எப்படிக் கற்பிப்பது என்பதைப் பார்ப்போம். ஸ்டான்லி ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலப் பொருளியல் அறிஞர் 1871-ஆம் ஆண்டில் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார். கருநிற அவரை விதைகளை ஒரு பெட்டியில் வீசி எறிந்து, எண்ணாமல், ஒரே பார்வையில் இத்தனை என்று சொல்லிப் பார்த்தார். ஆயிரம் முறைக்கு மேல் இவ்வாறு செய்தார். மூன்றோ நான்கோ விழுந்தபொழுது அவர் ஒரு முறைகூடத் தவறவில்லை. ஐந்தில் தவறுகள் தொடங்கின. எண்ணிக்கை ஏற ஏறத் தவறுகளும் ஏறின. பெரிய அறிஞருக்கே இதுதான் கண்ணின் எல்லை. ஆகவே மூன்று வரையில் குழந்தை கண்ணாலேயே அறிந்துகொள்ளட்டும். இரண்டு செருப்பு, மூச்சக்கர வண்டிக்கு மூன்று சக்கரம், பசுவுக்கு நான்கு கால் என்று பார்த்துப் பார்த்துப் பழகட்டும். ஐந்துக்கு வரும்பொழுது கை துணைக்கு வரும். ஒரு கையின் விரல்கள் ஐந்து. அதனோடு ஒரு விரல் சேர்ந்தால் ஆறு, இரண்டு சேர்ந்தால் ஏழு. ஐந்தை நன்கு அறிந்த குழந்தைக்கு ஆறு முதல் ஒன்பது வரையுள்ள எண்கள் புதியன அல்ல. ஐந்தும் மேலும் சிலவும்தான்.

இதற்காகக் கடையில் கருவிகள் வாங்கவேண்டுவதில்லை. பல்லாங்குழி ஆடும் பாட்டியின் அருகே குழந்தையை உட்காரவையுங்கள். குழிக்கு ஒன்றாகக் காய்களைப் போட்டுச் செல்லும்போது, ஒரு பொருளுக்கு ஒன்று என்னும் நெறி கைவழியாகவே மனத்தில் பதிந்துவிடும். தாயம் ஆடும்போது, விழுந்த எண்ணுக்குத் தக்கபடி கட்டம் கட்டமாகக் காய் நகர்த்துவதும் அத்தகையதே. சாப்பாட்டு வேளையில், "எத்தனை பேர் சாப்பிடப் போகிறோம்? அத்தனை தட்டு எடுத்து வா" என்று சொல்லுங்கள். தட்டு ஒன்று குறைந்தால் யாரும் திருத்தவேண்டுவதில்லை. தட்டில்லாமல் ஒருவர் அமர்ந்திருப்பதைக் குழந்தையே கண்டுகொள்ளும்.

தவறு தானே வெளிப்படவேண்டும் என்பதை ஒரு கல்வி முறையாகவே ஆக்கியவர் இத்தாலியப் பெருமாட்டி மரியா மாண்டிசோரி. உரோமாபுரியில் ஏழைகள் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் 1907-ஆம் ஆண்டில் அவர் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்; உலகப்போர் காரணமாக 1946 வரையில் இந்நாட்டிலேயே தங்கினார். அவருடைய முறையில், குழந்தை முதலில் நீளத்தால் வேறுபட்ட கோல்களைக் கையாண்டு அளவை அறிகிறது. பிறகு, உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எண்களை விரலால் தடவிக் குறியை அறிகிறது. அதன் பின்னரே இரண்டையும் இணைக்கிறது. இணைப்பதற்கு ஒரு பெட்டி உண்டு. அதிலுள்ள அறைகளில் 0 முதல் 9 வரை எழுதியிருக்கும். ஒவ்வோர் அறையிலும் அத்தனை குச்சிகளை இடவேண்டும். மொத்தக் குச்சிகள் 45. ஒன்று முதல் ஒன்பது வரை கூட்டினால் 45 ஆகும் அன்றோ? எங்கேனும் ஒரு குச்சி கூடிப்போனால் கடைசியில் ஒன்று குறையும். எங்கேனும் குறைத்து இட்டிருந்தால் கடைசியில் மிஞ்சும். ஆசிரியர் வாய் திறக்கவேண்டுவதில்லை. குழந்தை தானே திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்ளும்.

இப்பொழுது எழுதும் பகுதிக்கு வருவோம். நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகினார்கள். சென்னை எழும்பூரிலிருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றிருந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்து, அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். 1797-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தம் முறையைப் பற்றி நூலும் வெளியிட்டார். அது சென்னை முறை என்னும் பெயரால் அங்கே பரவிற்று. மணலில் எழுதுவதில் பல நன்மைகள் உண்டு. விரல் நேரே வடிவத்தை உணர்கிறது. எழுத்து எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம். தவறினால் ஒரு தடவலில் மறைந்துவிடும். அழித்த சுவடும் தெரியாது. ஆதலால் முதலில் மணல், அடுத்துச் சிலேட்டும் பலப்பமும், அதன் பின்னரே கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் என்பது நல்ல வரிசை.

வடிவங்களையும் எளிமை நோக்கி வரிசைப்படுத்தலாம். 1, 4, 7 ஆகியவை நேர்கோடுகளால் ஆனவை. அவற்றை முதலில் எழுதட்டும். 0, 6, 9 ஆகியவை வளைவால் ஆனவை. 2, 3, 5, 8 ஆகியவை சற்றுக் கடினமானவை. 5 எழுதும்பொழுது மேலிருந்து ஒரு சிறு கோடு இறங்கி, வலப்புறமாக வயிறுபோல் வளைந்து, இடப்புறம் வந்து நிற்கவேண்டும். பின்பு கையை எடுத்து, உச்சியில் இடமிருந்து வலமாக ஒரு கோடு போடவேண்டும். "கழுத்து, வயிறு, தொப்பி" என்று சொல்லிக்கொண்டே எழுதினால் குழந்தைக்கு அது விளையாட்டாகிவிடும். எழுதி முடித்ததும் ஐந்து கொட்டைகளை எடுத்து அருகில் வைக்கச் சொல்லவேண்டும். குறியும் அளவும் பிரியாமல் இருப்பதற்கு அதுவே வழி.

இங்கே என்னுடைய பிழை ஒன்றையும் சொல்லவேண்டும். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில் முதல் வகுப்பில் ஒரு சிறுவன் 3 என்னும் எண்ணை எப்பொழுதும் திருப்பியே எழுதுவான். ஒரு நாள் எனக்குச் சினம் மிகுந்தது. சிலேட்டின் இரு பக்கமும் மூன்றை எழுதி நிரப்பும்படி சொன்னேன். நிரப்பினான், எல்லாம் திரும்பிய மூன்றுகள். மற்றப் பிள்ளைகள் சிரிக்கும்படி அந்தச் சிலேட்டைத் தூக்கிக் காட்டினேன். மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அவன் இல்லாத அந்த நாட்களில் நண்பகல் உணவு வேளையில்தான் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. வரிசைக்கு எட்டுப் பேராகப் பிள்ளைகளை உட்காரவைத்து, எட்டு எட்டாகத் தட்டுகளை எடுத்து வைப்பவன் அவன்தான். ஒரு தட்டு கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. வகுப்பில் எண்ணை மிக நன்றாக அறிந்த பிள்ளையையே நான் எண் தெரியாதவன் என்று எள்ளி நகையாடியிருக்கிறேன்.

அவன் ஏன் திருப்பி எழுதினான் என்பது பிற்காலத்தில் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று. பூனை இடப்புறம் பார்த்தாலும் பூனையே. வலப்புறம் பார்த்தாலும் பூனையே. குவளையின் பிடி எந்தப் பக்கம் இருந்தாலும் அது குவளையே. திசை மாறினாலும் பொருள் மாறாது என்பதைத்தான் குழந்தை பிறந்தது முதல் கற்று வந்திருக்கிறது. எழுத்தும் எண்ணும் மட்டும் அந்த விதிக்கு அடங்குவதில்லை. 6 என்பதைத் தலைகீழாக்கினால் 9 ஆகிவிடுகிறது! இப்புதிய விதி மனத்தில் படியச் சில காலம் வேண்டும். 5, 6 வயதுக் குழந்தைகள் 2, 3, 7 போன்றவற்றைத் திருப்பி எழுதுவது மிகச் சாதாரணம். பெரும்பாலும் தானே மறைந்துவிடும். தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தாலே போதும். 7 அல்லது 8 வயதுக்குப் பின்னும் நீடித்து, வாசிப்பதிலும் இடர்ப்பாடு இருந்தால், தக்கவர்களிடம் ஆலோசனை கேட்கலாம். எந்நிலையிலும் ஏளனம் மருந்தாகாது. அந்தச் சிறுவனின் வீட்டிற்கு நானே சென்று அவனை அழைத்து வந்தேன். வந்தான்; ஆனால் அந்த ஆண்டு முழுவதும் சிலேட்டை மார்போடு அணைத்து மறைத்துக்கொண்டே எழுதினான்.

எழுதும் குறி எதற்காக என்பதையும் குழந்தை உணரவேண்டும். மார்ட்டின் ஹியூஸ் என்னும் கல்வி ஆராய்ச்சியாளர் 1986-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் ஒரு விளையாட்டைக் கூறுகிறார். நான்கு டப்பாக்கள், ஒன்றில் மூன்று கட்டைகள், ஒன்றில் இரண்டு, ஒன்றில் ஒன்று, ஒன்று வெறுமை. மூடிவிட்டு இடம் மாற்றினால் எதில் எத்தனை என்று தெரியாது. "மூடியின்மேல் ஏதாவது குறி போட்டுக்கொள்" என்று சொன்னவுடன், எண் எழுதத் தெரியாத குழந்தைகளும் தத்தம் வழியில் கோடுகளோ படங்களோ போட்டு, பிறகு அவற்றைப் பார்த்துச் சரியாகச் சொல்லின. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியின் கிண்ணங்களைக் கொண்டே இதனை ஆடலாம். கோடுகள் போட்டுப் பழகிய குழந்தையிடம், "ஐந்து கோட்டுக்குப் பதிலாக 5 என்று எழுதினாலும் போதும்" என்று சொல்லிப் பாருங்கள். தன் வேலையைக் குறைக்க வந்த நண்பனாக அந்தக் குறியை அது வரவேற்கும். நம் முன்னோர் இதே ஐந்துக்கு ௫ என்று எழுதினார்கள். அவர்கள் எழுதிய ௧, ௨, ௭, ௮ ஆகியவை க, உ, எ, அ என்னும் எழுத்துக்களை ஒத்தவை. குறிகள் நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறின; கையிலுள்ள விரல்கள் எங்கும் ஐந்துதான்.

கொரோனாத் தொற்றால் பள்ளிகள் நெடுநாள் மூடிக்கிடந்தபின், கற்றலில் நேர்ந்த இழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கிற்று. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் சிறுவர்க்குக் கற்பித்தார்கள். 2022-ஆம் ஆண்டில் முதல் மூன்று வகுப்புகளுக்கென்று எண்ணும் எழுத்தும் என்னும் திட்டம் தொடங்கப்பெற்றது. அடிப்படை நிலைக்காவிடில் மேலே கட்டுவது நிலைக்காது என்று உணர்ந்ததால் பிறந்த முயற்சிகள் அவை. கணக்கு என்றாலே நடுங்கும் மாணவர்கள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களுடைய அச்சம் இயற்கணிதத்தில் தொடங்கியது என்று நினைக்காதீர்கள். எங்கேயோ ஒரு சிலேட்டில், ஒரு திரும்பிய மூன்றில், யாரோ சிரித்த சிரிப்பில் அது தொடங்கியிருக்கவும் கூடும்.

ஆகவே மாணவ மாணவியரே, இன்று மாலை ஒரு பிடி புளியங்கொட்டையோடு உங்கள் தம்பி தங்கையரின் அருகில் உட்காருங்கள். "ஐந்து கொடு" என்று கேளுங்கள். ஆறு வந்தாலும், அள்ளி வந்தாலும் சினம் கொள்ளாதீர்கள். இருவரும் சேர்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுங்கள். கடைசியில், "ஆக, ஐந்து" என்று கையால் வளைத்துக் காட்டுங்கள். நாளையும் அவ்வாறே செய்யுங்கள். என் மருமகள் அடுத்த ஆண்டு கோடை விடுமுறைக்கு வந்திருந்தபொழுது நான் மறுபடியும் ஐந்து கொட்டை கேட்டேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஐந்தாவதை வைத்ததும் நிறுத்தி, கையிலே மிஞ்சியிருந்த ஒன்றைக் குவியலில் போட்டுவிட்டு, "அவ்வளவுதான் மாமா" என்றாள். இருபது வரையில் ஒப்புவித்ததைக் கேட்டபோது உண்டாகாத மகிழ்ச்சி எனக்கு அன்று உண்டாயிற்று.